பாடுமுன் கேட்ட குரல்

பாட்டுக் கசற் வெளியிடுகிற தொழிலில் பாடுகிறவனின் பெயர் அட்டையின் முன்பக்கத்தில் வரும், இசை போட்டவனின் பெயர் பின்பக்கத்தில் வரும், பாட்டை எழுதியவனின் பெயருக்கு மட்டும் எப்படியோ இடம் போதாமல் போய்விடும். இதை எனக்கு முதலில் செய்து காட்டியவன் யோகநாதன். ஆளையும் பேரையும் சொல்லித்தான் தொடங்குகிறேன். சுற்றி வளைக்கிற பழக்கம் எனக்கில்லை.

வெள்ளவத்தையில், கடற்கரைக்கு இறங்குகிற ஒழுங்கை ஒன்றில் எங்கள் இடம். கீழே றெக்கோடிங் பார். கசற் விற்போம், கேட்ட பாட்டைப் பதிந்து கொடுப்போம். மேலே ஒலிப்பதிவு அறை. அங்கே நாங்களே பாடகர்களைப் பிடித்துப் பாட வைத்து வெளியிடுவோம். கடை என் பெயரில் இருந்தது. மெசின்கள் யோகனுடையவை. அவன் ரேடியோ திருத்துகிற கோர்ஸ் படித்தவன், ஆங்கிலப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு வேலை செய்வான். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். ஆனாலும் நாங்கள் வெளியிட்ட பாட்டுகளில் பாதிக்குமேல் என் சொற்கள். அட்டையில் 'பாடல்கள்: யோகா' என்று இருக்கும். கேட்டால் அடுத்த பதிப்பில் மாற்றுவோம் அண்ணை என்பான். அடுத்த பதிப்பிலும் யோகாதான் எழுதியிருப்பார்.

எங்கள் இருவரின் சண்டை தொடங்கியபோது என் மீசை கறுப்பு. மீசை வெளுத்துவிட்டது, சண்டை அப்படியே இருக்கிறது, என் கோபமும் அப்படியே இருக்கிறது. யாரையாவது நம்பிக் கூட்டுத் தொழில் செய்தவர்கள் இதைப் படித்தால் மேற்கொண்டு விளக்கத் தேவையில்லை. உங்களுக்கும் ஒரு யோகன் வாய்த்திருப்பான். ஆனால் என்னுடைய யோகன் எனக்குத் தரவேண்டியது பெயரல்ல. அது ஒரு ஸ்பூல். கை அகல வட்டத்தில் சுற்றிய ஒலிநாடா.

குரலைத் தின்ற அறை

எங்கள் கடையின் பின்பக்கத்தை உரசுவதுபோல் ரயில் போகும். ரயில் வந்தால் பாட்டு நிற்கவேண்டும். ரயில் போனபின் பாடகருக்குப் பழைய உற்சாகம் வராது. ஆகவே ஜன்னலைத் தும்பு மெத்தை வைத்து அடைத்தோம். சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டினோம். அதன்பிறகு அந்த அறையில் கைதட்டினால் சத்தம் கையைவிட்டு வெளியே போகாது. உள்ளே வந்தவர்கள் எல்லோரும் தங்களை அறியாமல் குரலைத் தாழ்த்திக் கதைத்தார்கள். சிலர் காரணமில்லாமல் வாசலைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள்.

கோயில் திருவிழாக்களிலும் கல்யாண வீடுகளிலும் பாடுகிற ஒரு அக்கா இருந்தார். மைக் இல்லாமலே மூன்று தெருவுக்குக் கேட்கிற தொண்டை. பக்திப் பாட்டுக் கசற் ஒன்றுக்காக அழைத்தோம். இரண்டு வரி பாடினார், நிறுத்தினார். மறுபடி பாடினார், நிறுத்தினார். யோகன் கண்ணாடிக்கு வெளியே இருந்து மெசின் முள் ஆடுவதைக் காட்டி, நன்றாக விழுகிறது, பாடுங்கள் என்று சைகை காட்டினான். அவர் தொண்டையைத் தடவிப் பார்த்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார். கீழே நான் வாங்கிக் கொடுத்த பிளேன் டீயைக் குடித்தார். கைப்பையை எடுத்துக்கொண்டு எழும்பும்போதுதான் சொன்னார்: "தம்பி, நான் பாடினது எல்லாம் போயிட்டுது. உங்கட அறை ஒண்டையும் திருப்பித் தரேல்லை."

தலைகீழ்ப் பாட்டு

ஒலிநாடா விஷயத்தில் ஒரு முறை உண்டு. அதை எனக்குச் சொல்லித் தந்தவன் யோகன். சரியாகச் சொன்னதைச் சரி என்றுதான் எழுதவேண்டும். ஸ்பூலைப் போட்டுக் கேட்டு முடித்தபின் திருப்பிச் சுற்றக்கூடாது. பாட்டின் கடைசி வெளிப்பக்கம் இருக்கும்படி அப்படியே பெட்டியில் வைக்கவேண்டும். நாடா சுற்றின்மேல் சுற்றாக ஒட்டிக் கிடக்கும்போது ஒரு சுற்றின் சத்தம் அடுத்த சுற்றில் மெல்லப் படிந்துவிடும். கடைசி வெளியே இருந்தால் அந்தப் படிந்த சத்தம் பாடகரின் குரலுக்குப் பின்னால் விழுந்து அதற்குள் மறைந்துவிடும். பாட்டின் தொடக்கம் வெளியே இருந்தால் முன்னால் விழும். பாடகர் வாய் திறப்பதற்கு முன்னாலேயே, எங்கோ தூரத்தில் அவர் பாடுவது கேட்கும்.

அந்த யுத்த நாட்களில் தமிழர் கடைகளுக்குப் பொலிசார் தேடுதலுக்கு வருவார்கள். வந்தால் அலுமாரியில் கை போன இடத்தில் ஒரு ஸ்பூலை எடுத்து, போடு என்பார்கள். ஒரு தடவை வந்த அதிகாரி, தனக்கும் இந்த மெசின் பழக்கம் என்று சொல்லித் தானே எடுத்து மாட்டினார். அது ஒரு காதல் பாட்டு. கடைசி வெளியே இருந்த நாடா அல்லவா, தலைகீழாக ஓடியது. ஒரு பெண் குரல் தலைகீழாகப் பாடுவதை நீங்கள் கேட்டிருக்கமாட்டீர்கள். சொற்கள் வாயிலிருந்து வருவதுபோல் இருக்காது. வெளியே இருந்த சொற்களை ஒருத்தி மூச்சோடு உள்ளே இழுப்பதுபோல் இருக்கும். வாசலில் துவக்கோடு நின்றவர்கள் பின்னுக்கு நகர்ந்தார்கள்.

யோகன் சிங்களத்தில் விளக்கி, நேராகவும் போட்டுக் காட்டினான். அதிகாரி முழுவதும் கேட்டார். கால்கூடத் தாளம் போட்டது. ஆனாலும் மனம் ஆறவில்லை. விசாரிக்க ஒருவரைக் கூட்டிப்போகவேண்டும் என்றார். கடை என் பெயரில் என்பது அப்போதுதான் யோகனுக்கு ஞாபகம் வந்தது. பொலிஸ் நிலையத்து வாங்குப் பலகையில் நான் ஒரு பகல் முழுக்க இருந்தேன். விடுகிறபோது அந்த அதிகாரி, வடக்கில் வேலை பார்த்த காலத்தில் பழகிய தமிழில் சொன்னார்: "தமிழ் எனக்குக் கொஞ்சம் தெரியும். அது உயிரோட இருக்கிற ஆள் கதைக்கிற மாதிரி இல்லை."

புறக்கோட்டையிலிருந்து வந்த முறைப்பாடு

அடுத்த நாளே யோகன் எல்லா ஸ்பூல்களையும் பாட்டின் தொடக்கம் வெளியே வரும்படி திருப்பிச் சுற்றிவைத்தான். யார் வந்து எதை மாட்டினாலும் நேராக ஓடவேண்டும். சத்தம் முன்னால் படியுமே என்று கேட்டேன். இன்னொரு முறை பொலிசுக்குப் போகிறீர்களா அண்ணை என்று திருப்பிக் கேட்டான். வாங்கில் இருந்தவன் நான் என்பதால் வாயை மூடிக்கொண்டேன்.

மழைக்காலம் வருமுன் முறைப்பாடு தொடங்கிவிட்டது. புறக்கோட்டையில் எங்கள் கசற்றுகளை மொத்தமாக எடுக்கிற முஸ்லிம் முதலாளி ஒருவர், ஒரு பெட்டி கசற்றைத் தானே தூக்கிக்கொண்டு வந்து மேசையில் வைத்தார். எல்லாம் பழுது என்றார். ஒன்றைப் போட்டு, சத்தத்தை முழுக்கக் கூட்டி, பாட்டுத் தொடங்குவதற்கு முந்திய வெறுமையைக் கேட்க வைத்தார். இரைச்சலுக்குள், கிணற்றின் அடியில் நின்று பாடுவதுபோல் ஒரு குரல் அதே பல்லவியைப் பாடியது. பிறகு உண்மையான பாடகர் அதே பல்லவியைப் பெரிதாகத் தொடங்கினார். யோகன் புத்தகத்தில் படித்ததைச் சொன்னான். முதலாளி பொறுமையாகக் கேட்டுவிட்டு, வேறு கசற் மாற்றித் தரச் சொன்னார். படியில் இறங்கும்போது நின்று திரும்பிப் பார்த்துக் கேட்டார்: "எல்லாஞ் சரி தம்பி, ஆனா பாட முந்தியே பாடுறானே, அவனுக்கு யாரு பாட்டுச் சொல்லிக் குடுக்கிற?"

மைக்கின் உயரம்

டெனிஸ் கொட்டாஞ்சேனைப் பொடியன். துறைமுகத்தில் இறக்கிற சாமான்களுக்குக் கணக்கு எழுதுகிற வேலை. தேவாலயத்தில் கூட்டத்தோடு பாடிக்கொண்டிருந்தவனை நான்தான் கண்டுபிடித்தேன். பிற்பாடு அவனைக் கண்டுபிடித்தது யார் என்று யாராவது கேட்டால் யோகன் முந்திக்கொண்டு பதில் சொல்வான். தொண்டையில் கொஞ்சம் மணல் கிடப்பது போன்ற குரல். அந்தக் குரலுக்கென்றே ஒரு பாட்டு எழுதினேன். தூரத்துக்குப் போன ஒருவன் வீட்டுக்குத் திரும்பி நடப்பதாகப் பாட்டு. மூன்று சரணம். மூன்றாவது இப்படித் தொடங்கும்: கதவைச் சாத்தாதே கண்ணே, பாதி வழி வந்துவிட்டேன்.

இரண்டு சரணம் பாடி முடிந்தபோது மின்வெட்டு வந்துவிட்டது. இருட்டுக்குள் முட்டை அட்டைகளோடு இருந்து பார்த்தோம், வருவதாக இல்லை. சோதனைச் சாவடி வரிசைகள் நீளுமுன் அவன் வீட்டுக்குப் போகவேண்டும். மூன்றாம் சரணம் எழுதியிருந்த தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தான். அந்த ஒரு தாள்தான் இருந்தது. யோகன் அதைப் படித்ததுகூட இல்லை. தான் எழுதிய பாட்டுகளைப் படிக்கிற வழக்கம் அவனுக்குக் கிடையாது. வாசலில் நின்று டெனிஸ் சொன்னான்: "மூணாவத நாளைக்கு வந்து பாடித் தாறேன் அண்ணே. மைக்க மட்டும் இறக்கிறாதீங்க, அந்த உயரத்துலயே இருக்கட்டும்."

செவ்வாய்க்கிழமைகளில்

அன்று கொச்சிக்கடைப் பக்கம் பஸ்ஸை மறித்து அடையாள அட்டை பார்த்தார்களாம். சிலரை இறக்கினார்களாம். இறக்கியவர்களில் மற்றவர்கள் வீடு வந்து சேர்ந்தார்கள், டெனிஸ் வரவில்லை. அவன் தாய் திரேசம்மா ஒவ்வொரு இடமாகப் போய்க் கேட்டார். எல்லா இடத்திலும் இங்கே அப்படி ஒருவர் இல்லை என்ற ஒரே பதில். பாட்டை இரண்டு சரணத்தோடு வெளியிடுவோம் என்றான் யோகன். நான் கூடாது என்றேன். வெளியிட்டான். பாட்டு ஓடியது. சலூனில், தனியார் பஸ்ஸில், கல்யாண வீட்டில், எங்கே போனாலும் டெனிஸ் நடந்து வந்துகொண்டிருந்தான். மைக்கை யாரும் இறக்கவில்லை. பிறகு பாட வந்தவர்களுக்கு வேறு மைக் வைத்தோம்.

திரேசம்மா எங்கள் கடைக்கு முதன்முதலில் வந்தபோது ஏசத்தான் வருகிறார் என்று நினைத்தேன். அவர் ஏசவில்லை. பாட்டுத் தொடங்குமுன் என் மகன் குரல் கேட்கிறதாமே, அது கசற்றுக்குப் பிரதி எடுத்த முதல் நாடாவில் இன்னும் நன்றாகக் கேட்குமா என்று விசாரித்தார். கேட்கும் என்றான் யோகன். வெக்கையில் இருக்க இருக்க அந்தச் சத்தம் கூடும் என்றும் சொன்னான். ஹெட்போனை அவர் தலையில் மாட்டி ஸ்பூலை ஓடவிட்டான். டெனிஸ் பெரிதாகப் பாடத் தொடங்கிய உடனே அவர் கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார். திருப்பிச் சுற்றி மறுபடி போட்டான். மறுபடி அதே இடத்தில் கை உயர்ந்தது.

அதன்பிறகு செவ்வாய் தவறாமல் வருவார். கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் மெழுகுதிரி கொளுத்திவிட்டு, அந்த வாசனையோடு பஸ் ஏறி வெள்ளவத்தைக்கு வருவார். கேட்பது முழுக்கப் பாட்டுக்கு முந்திய அந்த வெறுமையைத்தான். பாட்டையும் ஒருமுறை கேளுங்களேன் அம்மா என்று நான் சொன்னபோது அவர் சொன்னார்: "அவன் பாடுறது எல்லாக் கடையிலயும் கேக்குது தம்பி. அவன் பாட வாறது இங்க மட்டுந்தான் கேக்குது."

கதவைப் பற்றிய வரி

ஒரு செவ்வாய்க்கிழமை அவர் கையை உயர்த்தவில்லை. கண்ணை மூடிக்கொண்டிருந்தார். யோகன் தானாக நிறுத்தித் திருப்பிச் சுற்றிப் போட்டான். பிறகு திரேசம்மா ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, இன்றைக்கு மகன் கதவைப் பற்றிப் பாடுகிறான் என்றார். என்ன கதவு என்று கேட்டேன். கதவைச் சாத்தாதே கண்ணே, பாதி வழி வந்துவிட்டேன் என்று, பாடாமல், செய்தி சொல்வதுபோல் சொன்னார்.

அது என் மூன்றாம் சரணத்தின் முதல் வரி. அந்த வரி எந்த நாடாவிலும் இல்லை. படிந்த சத்தம் என்றால் நாடாவில் இருக்கிற சத்தம்தான் படியும். அதுவும் ஒரு மூச்சளவு நேரம்தான் கேட்கும், ஒரு வரி முழுக்கக் கேட்காது. இதுவும் யோகன் சொல்லித் தந்ததுதான். யோகன் ஹெட்போனை வாங்கித் தன் காதில் வைத்தான். கேட்டுமுடித்துக் கழற்றியவன், காது படுகிற இடத்தைக் கைலேஞ்சியால் துடைத்தான். ஏதோ ஒட்டிக்கொண்டு வந்ததுபோல் துடைத்துக்கொண்டே இருந்தான். நானும் கேட்டேன். எனக்குக் கேட்டது இரைச்சல். இரைச்சலுக்குள், மைக்குக்கு மிகக் கிட்ட ஒருவர் வந்து நிற்பதுபோல் ஒன்று. அதற்குமேல் சத்தியம் செய்யமாட்டேன்.

டெனிஸ் அந்தச் சரணத்தை வீட்டில் பாடிப் பார்த்திருப்பான், அது உங்கள் மனதில் கிடந்திருக்கும் என்று யோகன் அவருக்கு மெதுவாகச் சொன்னான். அவன் அன்று வீட்டுக்கே போகவில்லை என்பதை மறந்து சொன்னான். அதற்கு முந்திய நாட்களிலும் பாடிப் பார்த்திருக்கலாமே என்று பிறகு சேர்த்துக்கொண்டான். திரேசம்மா அவனைக் கோபமில்லாமல் பார்த்தார். "வீட்டுல அவன் வாயே தொறக்க மாட்டான் தம்பி. அவங்க அப்பாவுக்குப் பாட்டுன்னா ஆகாது. இத நான் இங்கதான் கேட்டேன்."

வெறும் பெட்டி

யோகனுக்குக் கனடா விசா சரிவந்தது. அதை அவன் எனக்குச் சொல்லவில்லை. பக்கத்துச் சாப்பாட்டுக் கடைக்காரர் சொல்லித்தான் தெரியும். மெசின்களை அவன் விற்றதில் எனக்கு வழக்கில்லை, அவை அவனுடையவை. அவன் போன பிறகு வந்த செவ்வாய்க்கிழமை, இரவல் மெசின் ஒன்றைக் கொண்டுவந்து வைத்துவிட்டு டெனிஸின் ஸ்பூல் பெட்டியைத் திறந்தேன். உள்ளே ஒன்றும் பதியாத புது நாடா இருந்தது. தூக்கிப் பார்த்தால் எடையில் வித்தியாசம் தெரியக்கூடாது என்று நினைத்திருக்கிறான். என் முப்பது வருட அனுபவத்தில் அவன் இவ்வளவு யோசித்துச் செய்த காரியம் இது ஒன்றுதான்.

திரேசம்மா வந்து இருந்தார். யோகன் ஸ்பூலைக் கொண்டுபோய்விட்டான் என்று சொன்னேன். அந்தத் தம்பி திரும்பக் கொண்டுவருவாரா என்று கேட்டார். வருவான், கொண்டுவருவான் என்றேன். அதற்குப் பிறகும் செவ்வாய்களில் வருவதை அவர் நிறுத்தவில்லை. கேட்பதற்கு ஒன்றுமில்லாமல் ஃபேனுக்குக் கீழே சிறிது நேரம் இருந்துவிட்டுப் போவார்.

காலம் கழித்துக் கனடாவிலிருந்து பார்சல் வந்தது. ஸ்பூல் என்று நினைத்து உடைத்தேன். ஒரு சீடி. கம்பியூட்டரில் போட்டு இரைச்சல் எல்லாம் நீக்கி, டெனிஸின் பாட்டைப் புதிதாக வெளியிட்டிருந்தான். அட்டையில் 'பாடல்: யோகா'. அடுத்த செவ்வாய் திரேசம்மாவுக்குப் போட்டேன். பொத்தானை அமத்தியதும் பாட்டு எடுத்த எடுப்பில் தொடங்கியது. முன்னால் இருந்த வெறுமையை மயிரிழை மிச்சமில்லாமல் வெட்டியிருந்தான். திரேசம்மா பழக்கத்தில் கையை உயர்த்தினார். உயர்த்திய கையைக் கீழே விடாமல் என்னைப் பார்த்தார். "யாரோ கதவச் சாத்திட்டாங்க தம்பி."

கனடாவிலிருந்து ஒரு கேள்வி

நான் தொலைபேசியில் கூப்பிட்ட போதெல்லாம் அவன் மனைவி எடுத்தாள். அவர் வேலைக்குப் போய்விட்டார் அண்ணை என்பாள். அவள் குரல் பயந்த குரலாக இருந்தது. என்மேல் பயம் என்று நினைத்துக்கொண்டேன். ஸ்பூல் என்னுடையது, தாய்க்காரி காத்திருக்கிறார், அனுப்பச் சொல் என்று ஒவ்வொரு முறையும் சொல்லிவைத்தேன்.

ஒரு மத்தியானம் அவனே எடுத்தான். சுகம் விசாரிக்கவில்லை. ஸ்பூல் பத்திரமாக இருக்கிறது என்றான். வீட்டுக்குக் கீழே நிலவறையில் வைத்திருக்கிறானாம். பழைய மெசின் ஒன்று தேடி வாங்கியிருக்கிறானாம். அப்படியானால் அனுப்பு என்றேன். மனைவி எரிக்கச் சொன்னாலும் எரிக்க மனம் வரவில்லை, அனுப்பவும் மனம் வரவில்லை என்றான். நான் ஏசத் தொடங்கினேன். இத்தனை வருடமாகச் சேர்த்து வைத்திருந்ததை எல்லாம் ஏசினேன், அட்டையில் வந்த பெயர் உட்பட. அவனுக்குப் பின்னால் இரைச்சல் ஓடிக்கொண்டிருந்தது. அது லைனின் இரைச்சலா, நாடாவின் இரைச்சலா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. நான் மூச்செடுக்க நிறுத்தியபோது அவன் சொன்னான், மூன்றாம் சரணம் முழுக்க வந்துவிட்டது, அதற்குப் பிறகும் பாட்டு நிற்கவில்லை என்று. எங்கள் முட்டை அட்டை அறைக்குள் கதைக்கிறவர்களைப்போல் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டான்: "மணியண்ணை, உண்மையைச் சொல்லுங்கோ. இந்தப் பாட்டுக்கு நீங்கள் எத்தினை சரணம் எழுதினனீங்கள்?"

மூன்று என்றேன், லைன் அறுந்தது. பாட்டை எழுதியவன் நான்தான் என்று ஒருவழியாக அவன் வாயாலேயே வாங்கிவிட்டேன், ஸ்பூல்தான் இன்னும் வந்து சேரவில்லை.